அர்ச்சனைச் சீட்டில் இரு ராட்சதர்கள்

டில்லி ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் கேட்கும் கேள்வி, மதுரையிலும் மயிலாப்பூரிலும் கேட்கும் அதே கேள்விதான்: “பெயர், நட்சத்திரம்?” வரிசையில் நிற்பவர்களும் தயங்காமல் சொல்வார்கள். ஒருவர் அசுவினி, ஒருவர் உத்திரம், ஒருவர் திருவாதிரை, பின்னால் நிற்கும் அம்மாள் கொஞ்சம் தாழ்ந்த குரலில் கேட்டை. வீட்டு வாடகை எவ்வளவு என்பதை மறந்தாலும் நட்சத்திரத்தை மறக்கிற தமிழர் கிடையாது. ஆனால் அந்த நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விழிப்பார்கள்.

இருபத்தேழு நட்சத்திரங்களிலும் இந்தத் திருவாதிரையும் கேட்டையும் தனி ஜாதி. மனிதன் வெறுங் கண்ணால் பார்க்கக்கூடிய நட்சத்திரங்களில் மிகப் பெரியவற்றுள் இவை இரண்டும் சேர்த்தி. விஞ்ஞானிகள் இவ்வகையைச் ‘சிவப்புப் பெருராட்சதர்கள்’ என்கிறார்கள். இங்கிலீஷ்காரர்களின் வானநூலில் திருவாதிரைக்குப் பெயர் பெட்டல்ஜூஸ், கேட்டைக்கு அண்டாரஸ்.

ஜன்ம நட்சத்திரம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சந்திரன் வானத்தைச் சுற்றிவரும் பாதையை நம் முன்னோர் இருபத்தேழு பகுதிகளாகப் பிரித்தார்கள். ரயில் பாதையில் ஸ்டேஷன்கள் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பகுதிக்கும் அருகே உள்ள ஒரு நட்சத்திரத்தின் அல்லது நட்சத்திரக் கூட்டத்தின் பெயரைக் கொடுத்தார்கள். குழந்தை பிறந்த நேரத்தில் சந்திரன் எந்த ஸ்டேஷனில் நின்றதோ அதுவே அதன் நட்சத்திரம். ஆகவே ஒருவர் திருவாதிரையில் பிறந்தார் என்றால் அன்று சந்திரன் அந்த வட்டாரத்தில் இருந்தது என்றுதான் பொருள்.

டில்லியில் எங்கே பார்ப்பது?

மார்கழித் திருவாதிரையன்று சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம். கரோல்பாகிலும் களி கிண்டாத தமிழ் வீடு குறைவு. ஆனால் மார்கழியில் டில்லி வானத்தை நம்ப முடியாது. மூடுபனியும் புகையும் சேர்ந்து எதிர்வீட்டு விளக்கையே மறைத்துவிடும். பிப்ரவரி வரட்டும். இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் தெற்கு நோக்கி நின்று மேலே பார்த்தால் மூன்று நட்சத்திரங்கள் நெருக்கமாக ஒரே கோட்டில் நிற்பது தெரியும். அதற்கு இடது பக்கம் மேலே, ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறத்தில் ஒன்று. அதுதான் திருவாதிரை. வலது பக்கம் கீழே வெள்ளையாய்ப் பளிச்சென்று இன்னொன்று இருக்கும். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால் நிற வித்தியாசம் சந்தேகமின்றிப் புலப்படும்.

கன்னியாகுமரிக்காரர் ஊரில் இருந்தபோது இதே திருவாதிரை அவருக்கு ஏறத்தாழ நேர் உச்சிக்கு வரும். சென்னையிலும் உச்சிக்கு வெகு அருகேதான். டில்லியிலோ அது உச்சியிலிருந்து இருபது டிகிரி போலத் தெற்கே சரிந்து நிற்கும். அதாவது ஊர் இருக்கும் திசையில்.

கேட்டை கோடைக்காலத்து நட்சத்திரம். ஜூன் மாதத்தில் இரவு பத்து, பதினொரு மணிக்குத் தெற்கே, அடிவானத்துக்கும் உச்சிக்கும் இடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், விருச்சிகத்தின் நடுவே செக்கச்செவேல் என்று நிற்கும். தூசிப் புயல் அடிக்காத இரவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரயிலில் சுற்றினால்

பெரியது, பெரியது என்றால் எவ்வளவு பெரியது? கோடிகளில் சொன்னால் மனத்தில் நிற்காது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் எங்கும் நிற்காமல் ஓடும் ஒரு ரயில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிக்னல் கோளாறு இல்லை, இஞ்சின் மாற்றுவது இல்லை. அது பூமியை ஒரு சுற்றுச் சுற்ற 21 நாள் ஆகும். சூரியனைச் சுற்ற 6 ஆண்டுக்குச் சற்று மேல். திருவாதிரையைச் சுற்ற? 4,600 ஆண்டுகளுக்கு மேல். ஹரப்பா, மொகஞ்சதாரோ நகரங்கள் எழும்பிய காலத்தில் புறப்பட்ட வண்டி இப்போதுதான் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவரும்.

திருவாதிரையின் குறுக்களவு சூரியனைப் போல் சுமார் 750 மடங்கு என்று வைத்துப் போட்ட கணக்கு இது. கேட்டையும் ஏறத்தாழ 680 மடங்கு. இந்த இரண்டில் ஒன்றைக் கொண்டுவந்து சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் புதன், சுக்கிரன், பூமி, செவ்வாய் நான்கும் அதன் வயிற்றுக்குள் போய்விடும்.

இவ்வளவு பெரிய உடம்பில் சரக்கு எவ்வளவு என்று பார்த்தால்தான் வேடிக்கை. திருவாதிரைக்குள் நாற்பது கோடிச் சூரியன்களை அடைக்க இடம் உண்டு. ஆனால் அதன் எடை பதினைந்து, இருபது சூரியன்களின் எடைதான். சராசரியாகப் பார்த்தால் அது நாம் மூச்சுவிடும் காற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு மெலிசு. நடுவில் கெட்டியான ஒரு சிறு கரு; சுற்றிலும் பெரும் ஆவி மண்டலம். பஞ்சு மெத்தைக்குள் ஒரு குண்டூசித் தலையை ஒளித்துவைத்தது போல.

ஆகவே ‘மிகப் பெரிய நட்சத்திரம் எது’ என்று கேட்பவர் உருவத்தைக் கேட்கிறாரா, எடையைக் கேட்கிறாரா என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எடையில் முன்னணியில் நிற்கும் ஆர்136ஏ1 என்ற நட்சத்திரம் சுமார் 200 சூரியன்களின் கனம். உருவத்திலோ திருவாதிரையின் பக்கத்தில் அது ஒரு சுண்டைக்காய். உருவத்தில் திருவாதிரையை மிஞ்சியவையும் உண்டு. பெருநாய் மண்டலத்தில் உள்ள விஒய் என்ற நட்சத்திரம் சூரியனைப் போல் சுமார் 1,400 மடங்கு அகலம். நம் பால்வீதிக்கு வெளியே, 1,60,000 ஒளியாண்டு தூரத்தில் உள்ள டபிள்யூஓஎச் ஜி64 ஏறத்தாழ 2,000 மடங்கு என்கிறார்கள். சிலி நாட்டில் உள்ள ஐரோப்பியத் தொலைநோக்கிகள் எடுத்த அதன் நெருக்கப் படம் 2024 நவம்பரில் வெளியாயிற்று. இந்தப் பட்டியலில் முதலிடம் அடிக்கடி மாறும். சில ஆண்டுகளுக்கு முன்வரை யுஒய் ஸ்கூட்டி என்பதுதான் முதல் என்று எல்லாப் பொது அறிவுப் புத்தகங்களும் போட்டன. பிறகு வந்த கணக்குகள் அதன் அளவைக் குறைத்துவிட்டன. மேகத்துக்கு எங்கே விளிம்பு என்று ஸ்கேல் வைத்து அளக்க முடியுமா? இந்த நட்சத்திரங்களுக்கும் அதே சங்கடம்தான்.

பானிப்பட்டில் ஒரு ரூபாய்

அளக்க முடியாததை முதலில் அளந்தவர்கள் மைக்கல்சன், பீஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள். சூரியனைத் தவிர வேறு எந்த நட்சத்திரத்தின் அகலத்தையும் அதுவரை யாரும் நேரடியாக அளந்தது கிடையாது. எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் நட்சத்திரம் ஒரு புள்ளிதான். கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன் சிகரத்தில் இருந்த 100 அங்குலத் தொலைநோக்கியின் வாயில் அவர்கள் 20 அடி நீள உத்திரம் ஒன்றைக் கட்டி, அதில் தள்ளித் தள்ளி வைக்கக்கூடிய கண்ணாடிகளைப் பொருத்தினார்கள். இரு கண்ணாடிகளில் விழும் ஒளியையும் ஒன்றுசேர்த்தால் வரிவரியாகக் கோடுகள் தெரியும். கண்ணாடிகளை விலக்க விலக்கக் கோடுகள் மங்கும். எந்த இடைவெளியில் அவை அடியோடு மறைகின்றனவோ, அதிலிருந்து நட்சத்திரத்தின் அகலத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

1920 டிசம்பர் 13 அன்று இரவு, கண்ணாடிகளுக்கு இடையே சுமார் 10 அடி இருந்தபோது கோடுகள் மறைந்தன. அன்று அளக்கப்பட்ட நட்சத்திரம் வேறொன்றும் அல்ல, திருவாதிரைதான். கிடைத்த அகலம், பானிப்பட்டில் வைத்த ஒரு ரூபாய் நாணயம் டில்லியிலிருந்து பார்த்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. நூற்றாண்டு கடந்த பின்னும் அந்த அளவு பெரிதாகப் பிசகவில்லை. தூரத்தில்தான் இன்னமும் தகராறு. ஐந்நூறிலிருந்து எழுநூறு ஒளியாண்டு வரை பலவிதமாகச் சொல்கிறார்கள். தூரம் மாறினால் பருமனும் மாறும்.

ஊதாரியின் குடும்பம்

நட்சத்திரம் ஏன் இப்படி வீங்குகிறது? நட்சத்திரத்தின் கருவில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறிக்கொண்டிருக்கும். அந்த மாற்றத்தில் வரும் சக்திதான் வெயிலும் வெளிச்சமும். கருவில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் கரு சுருங்கிக் கடும் சூடாகிறது. அந்தச் சூடு தாங்காமல் வெளிப்புறம் விரிந்து பரவுகிறது. பரவப் பரவ ஆறுகிறது. கொல்லன் பட்டறையில் இரும்பு நன்றாகக் காய்ந்தால் வெண்மையாக ஜொலிக்கும், ஆறினால் சிவக்கும் அல்லவா? அதுபோலத்தான். சூரியனின் மேற்பரப்பில் சுமார் 5,500 டிகிரி சென்டிகிரேட். திருவாதிரையில் 3,300 டிகிரி சுமார். சிவப்பு இங்கே கோபத்தின் நிறமல்ல, ஆறிப்போனதன் நிறம்.

சூரியன் சிக்கனமான குமாஸ்தா மாதிரி. வரவறிந்து செலவு செய்து 460 கோடி ஆண்டுகளை ஓட்டிவிட்டது. இன்னும் 500 கோடி ஆண்டுகளுக்குக் கையிருப்பு உண்டு. திருவாதிரை ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை. சூரியனைப் போல் பதினைந்து, இருபது பங்கு சொத்தோடு பிறந்தது. செலவோ சுமார் ஒரு லட்சம் பங்கு. ஒரு கோடி ஆண்டுக்குள் சொத்தில் பெரும்பகுதி காலி.

கேட்டையின் கணக்கும் இதுதான். அதன் வயது ஒன்று, ஒன்றரைக் கோடி ஆண்டு. பூமியில் டினோசர்கள் அழிந்து 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அப்போது கேட்டை பிறந்திருக்கவே இல்லை. இதில் ஒரு விநோதம் பாருங்கள். கேட்டைக்கு வடமொழியில் ஜ்யேஷ்டா என்று பெயர். அதாவது மூத்தவள். வானத்தில் நம் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களில் மிகவும் இளையவற்றில் ஒன்றுக்கு மூத்தவள் என்று பெயர் விழுந்திருக்கிறது.

கேட்டைப் பெண்கள்

இந்தப் பெயர் செய்திருக்கும் கொடுமை கொஞ்சநஞ்சமல்ல. கேட்டையில் பிறந்த பெண் கணவனின் அண்ணனுக்கு ஆகாது என்று நம்மிடையே ஒரு பேச்சு. மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, விசாகம் மைத்துனருக்கு ஆகாது என்ற வரிசையில் இதுவும் ஒன்று. டில்லியில் ஆண்டு முழுவதும் லீவைச் சேமித்து, பெண்ணின் ஜாதகத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும் தகப்பனார்களுக்கு இந்தக் கதை தெரியும். பெண் படித்தவள், வேலையில் இருக்கிறாள், நிறம் குணம் எல்லாம் திருப்தி. நட்சத்திரம் கேட்டை என்றதும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். மூத்த மகனாகப் பார், அண்ணன் இல்லாத வீடாகப் பார் என்று ஜோசியர்கள் சொல்ல, தகப்பனார் தேடித் தேடி ஓய்கிறார். மணமகள் தேவை விளம்பரங்களில் இந்த நட்சத்திரங்கள் நீங்கலாக என்று அச்சடித்தே போடுகிறார்கள். பிறந்த நேரத்தைச் சில நிமிஷம் முன்னே பின்னே தள்ளி வேறு நட்சத்திரமாக்கிக் கொள்பவர்களும் இல்லாமல் இல்லை.

ஜ்யேஷ்டா என்ற பெயரில் ஜ்யேஷ்டன், அதாவது அண்ணன், என்ற ஓசை இருக்கிறது. அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிய பேச்சு என்றுதான் தோன்றுகிறது. வேறு ஆதாரம் இருப்பதாகத் தெரியவில்லை. கேட்டை சுமார் 550 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ஒளி ஒரு வினாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சூரியனிலிருந்து நமக்கு வர அதற்கு எட்டு நிமிஷத்துக்குச் சற்று மேலாகிறது. அந்த வேகத்தில் ஓடியும் கேட்டையின் ஒளி வந்துசேர 550 ஆண்டு. இன்றிரவு நம் கண்ணில் படும் கேட்டையின் வெளிச்சம், டில்லியை லோடி சுல்தான்கள் ஆண்ட காலத்தில் அங்கிருந்து புறப்பட்டது. புறப்பட்டபோது மாப்பிள்ளை வீட்டு அண்ணனும் கிடையாது, அந்தக் குடும்பத்தின் பதினைந்து தலைமுறைக்கு முந்திய பாட்டனார்கூடப் பிறந்திருப்பாரா என்பது சந்தேகம்.

பஞ்சாங்கக் குடும்பத்தில் ஒருவர்

பஞ்சாங்கத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் வானத்தையும் பார்க்க வேண்டும் என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே வாதாடிய தமிழ்நாட்டு மனிதர் ஒருவர் உண்டு. சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் பரம்பரையில் வந்தவர். சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-ல் கட்டிய வானாராய்ச்சி நிலையத்தில் உதவியாளராக உத்தியோகம் பார்த்தார். ரயில்வேக்காரர்களுக்கு அந்த இடத்தோடு ஒரு பழைய உறவு உண்டு: இந்திய ரயில்கள் ஒரு காலத்தில் ஓடியது அந்த நிலையம் கணித்துச் சொன்ன ‘மெட்ராஸ் டைம்’ படிதான். 1906-ல் இந்திய நேரம் என்று பொதுவாக வந்த பிறகே அது போயிற்று.

போக்சன் என்ற துரையின் கீழ் வேலை பார்த்த ரகுநாதாச்சாரி 1867-ல் தெற்கு வானத்தில் ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். ஆர் ரெட்டிகுலி என்று அதற்குப் பெயர். சுமார் ஒன்பது மாதத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கும் சிவப்பு ராட்சத நட்சத்திரம் அது. திருவாதிரைக்குச் சின்னத் தம்பி என்னலாம். சென்னையில் தெற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே வரும். டில்லியில் அது உதிப்பதே இல்லை. 1872-ல் லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874 டிசம்பரில் சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே போனபோது ஜனங்களுக்கு விளங்கும்படி தமிழ் முதலிய பாஷைகளில் சிறு புத்தகம் போட்டார். கண்ணால் கண்டு சரிபார்த்த கணக்கைக் கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்பதே அவர் கட்சி. 1880-ல் காலமானார். பஞ்சாங்கத்தில் பிடிப்புள்ள எத்தனை தமிழர்களுக்கு அவர் பெயர் தெரியும்?

முடிவு எப்படி?

சொத்தைத் தீர்த்த ஜமீன்தாருக்கு என்ன ஆகும்? ஹைட்ரஜன் தீர்ந்தால் ஹீலியம், அது தீர்ந்தால் கார்பன் என்று ஒவ்வொன்றாக எரித்து, கடைசியில் நட்சத்திரத்தின் கரு இரும்பாகிவிடும். இரும்பிலிருந்து சக்தி எடுக்க முடியாது. அந்த இரும்புக் கருவின் எடை சூரியனைப் போல் 1.4 மடங்கு என்ற எல்லையைத் தாண்டினால் தன் பாரத்தைத் தானே தாங்க மாட்டாமல் ஒரு வினாடிக்குள் இடிந்துவிழும். அந்த அதிர்ச்சியில் மேல் மண்டலம் முழுவதும் வெடித்துச் சிதறும்.

அந்த எல்லைக்குப் பெயர் சந்திரசேகர் எல்லை. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-ல் லாகூரில் பிறந்தார். தகப்பனார் அங்கே ரயில்வே கணக்குத் துறையில் அதிகாரி. பிழைப்புக்காக வடக்கே வந்த தமிழ்க் குடும்பம்தான். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாகாணக் கல்லூரியிலும் படித்துவிட்டு, 1930-ல், இருபது வயதுகூட நிரம்பாமல், பம்பாயில் கப்பல் ஏறினார். அந்தப் பயணத்திலேயே போட்ட கணக்கிலிருந்து கிளம்பியது இந்த எல்லை. எரிந்து முடிந்து அடங்கிய நட்சத்திரங்களைப் பற்றித்தான் அவர் கணக்கிட்டார். இரும்புக் கருவுக்கும் அது பொருந்துகிறது. 1935 ஜனவரியில் லண்டனில் எடிங்டன் என்ற பெரும் புள்ளி சபை நடுவே அதைக் கேலி செய்தார். சந்திரசேகர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். நோபல் பரிசு 1983-ல் வந்தது, ஐம்பது ஆண்டு கழித்து.

2019 நவம்பர் வாக்கில் திருவாதிரை திடீரென்று மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அதன் வழக்கமான வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. வெடிக்கப்போகிறது என்று உலகமெங்கும் பரபரப்பு. ஏப்ரலில் பழையபடி பிரகாசமாயிற்று. நட்சத்திரம் கக்கிய வாயு ஆறித் தூசியாகி அதன் முகத்தை மறைத்தது என்று பிறகு தெரிந்தது. ஆக, கண்டம் தப்பியது. இன்னும் ஒரு லட்சம் ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்பது பொதுவான கணக்கு. வெடித்தால் பகலிலும் தெரியும்; இரவில் பாதி நிலாவின் வெளிச்சம் இருக்கும். இத்தனை தூரத்தில் பூமிக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. திருவாதிரைக்காரர்கள் பரிகாரத்துக்கு ஓட வேண்டாம்.

இப்படி ஒரு வெடிப்பைக் காண ஒரு லட்சம் ஆண்டு காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2023 மே 19 அன்று ஜப்பானில் இடாகாகி என்பவர், வானம் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர், எம்101 என்ற வேறொரு அண்டத்தில் புதிதாக ஒரு வெளிச்சத்தைக் கண்டார். இரண்டு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் சிவப்புப் பெருராட்சத நட்சத்திரம் ஒன்று வெடித்திருந்தது. பழைய படங்களைத் தேடி, வெடிப்பதற்கு முன் அது இருந்த நிலையையும் கண்டுபிடித்தார்கள். இந்தியாவிலிருந்து அதைத் தொடர்ந்து கவனித்த கருவிகளில் ஒன்று லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள தொலைநோக்கி. பெங்களூரை அடுத்த ஹொஸகோட்டேயில் உட்கார்ந்துகொண்டே அதை இயக்குகிறார்கள். அந்தத் தொலைநோக்கிக்கு வைத்திருக்கும் பெயர், சந்திரா.